கரையுமா என்று கேட்பதற்கு முன்

பித்தப்பைக் கல்லைக் கரைக்க மாத்திரை இருக்கிறது என்பது புளுகு இல்லை. அலோபதியிலேயே இருக்கிறது. உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்று வாய்க்குள் நுழையாத பெயர். மருந்துக் கடையில் யாரும் அதை முழுசாகச் சொல்வதில்லை. 'உர்சோ' என்பார்கள், இல்லாவிட்டால் கம்பெனி வைத்த பெயரைச் சொல்வார்கள். 150, 300 மில்லிகிராம் என்று அட்டை அட்டையாக வருகிறது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், தெருவில் யாருக்கு ஸ்கேனில் கல் தெரிந்தாலும் அந்தக் காகிதம் என் திண்ணைக்கும் ஒரு சுற்று வந்துவிடும். கேட்பது எல்லாரும் ஒன்றுதான்: "இது மாத்திரையில கரையுமா?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைக் கேட்காமலே அட்டையைக் கிழித்துவிடுகிறார்கள். மாத்திரை பொல்லாதது என்று நான் சொல்லவில்லை. அநேகருக்கு அது சாதுவான மாத்திரைதான். அந்தச் சாதுத்தனத்தை நம்பி மற்றதையெல்லாம் மறந்துவிடுகிறோமே, அங்கேதான் வம்பு.

இந்த மருந்துக்குப் பின்னால் ஒரு கரடி நிற்கிறது. சீன வைத்தியத்தில் கரடிப் பித்தம் பழைய மருந்து. அதிலிருந்து இந்த அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்து, 1927இல் இதற்குப் பெயர் வைத்தவர் ஜப்பானியரான ஷோடா. 'உர்சோ' என்றால் கரடி. 1972இல் இதன் பங்காளியான செனோடியாக்சிகோலிக் அமிலம் கல்லைக் கரைக்கும் என்று அமெரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள். அது வயிற்றுப்போக்கைக் கிளப்பியது, ஈரலையும் உறுத்தியது. 1975இல் ஜப்பானிலிருந்து உர்சோ கரைக்கிறது என்ற செய்தி வந்தது. 1987இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இன்று கரடிக்கு வேலையில்லை. பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து எடுக்கும் வேறோர் அமிலத்தை ஆலையில் மாற்றித்தான் இதைச் செய்கிறார்கள். சுத்த சைவம் என்று மருந்திலும் பார்க்கிறவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பாதி வழியில் தெரிந்து மனசு கஷ்டப்பட்டு நிறுத்துவதைவிட அது மேல்.

இனி விஷயத்துக்கு வருவோம். முதல் கேள்வி, அந்தக் கல் உங்களை என்ன செய்தது?

கல் இருக்கிற எல்லாருக்கும் வலி வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கல் ஒரு தொந்தரவும் தராமல் ஆயுசு முழுக்கக் கிடக்கும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியும் இந்தக் கல்லில் வருஷத்துக்கு நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான் உபத்திரவம் ஆரம்பிக்கிறது. அப்படிப்பட்ட கல்லை மருத்துவர்கள் பொதுவாகச் சும்மா விடச் சொல்வார்கள். கல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பித்தப்பைச் சுவரே சுண்ணாம்பேறிப் போயிருந்தாலோ, கூடவே பெரிய சதை வளர்ச்சி தெரிந்தாலோ கதை வேறு. அங்கே பேச்சு மாத்திரையைப் பற்றியே இருக்காது, ஆபரேஷனைப் பற்றித்தான்.

என் தம்பி மகள் போன ஆடியில் வந்தாள். கர்ப்பப்பைக்காக ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் பித்தப்பையில் கல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"பெரியப்பா, அவரு கூட வேலை செய்யறவருக்கு மாத்திரையிலயே கரைஞ்சுடுச்சாம். எனக்கும் எழுதிக் கொடுங்களேன்."

"நான் எழுதிக் கொடுக்கக் கூடாது பாப்பா. டாக்டர்தான் எழுதணும். காகிதத்தைக் கொடு, படிச்சுச் சொல்றேன்."

ஸ்கேன் காகிதத்தில் எல்லாரும் 'கல்' என்ற சொல்லையும் அதன் அளவையும் மட்டும் பார்த்துவிட்டுக் கலங்கிப்போகிறார்கள். அங்கே படிக்க நாலைந்து வரி இருக்கிறது. பித்தப்பை நன்றாக விரிந்திருக்கிறதா, சுருங்கிப் போயிருக்கிறதா? சுவர் தடித்திருக்கிறதா? கல் ஒன்றா, பலவா? பெரியது எத்தனை மில்லிமீட்டர்? பொதுப் பித்தநாளம் வீங்காமல் இருக்கிறதா? அவளுக்குப் பை நன்றாக விரிந்திருந்தது, சுவர் மெல்லியது, நாளம் இயல்பு, கற்கள் சிறியவை, பெரியதே 6 மில்லிமீட்டர். வலி என்று ஒரு நாளும் வந்ததில்லை. "உனக்குக் கரைக்கணுமாங்கறதே கேள்விதான், அதை டாக்டர்கிட்ட கேளு" என்று அனுப்பினேன். அவரும் ஒன்றும் வேண்டாம், வலி வந்தால் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அதில் ஏமாற்றம்தான். கையில் ஒரு சீட்டு இல்லாமல் ஆஸ்பத்திரிப் படி இறங்கினால் வைத்தியமே நடக்கவில்லை என்று நினைக்கிற ஜனங்கள் நாம்.

வலி இருக்கிறது என்கிறவர்களிடம் அடுத்த கேள்வி: அது கல்லின் வலிதானா? புளித்த ஏப்பம், வயிற்று உப்புசம், சாப்பிட்டதும் மந்தம் இவற்றுக்கெல்லாம் கல்லின் மேல் பழி போட முடியாது. கல் போன பிறகும் இவை அப்படியே இருக்கக்கூடும். கல்லின் வலி மேல்வயிற்றில் நடுவிலோ வலப்பக்கமோ பிடித்து, அரை மணியிலிருந்து சில மணி நேரம்வரை விடாமல் நின்று, வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ தாவும். எண்ணெய்ப் பலகாரம், கறி விருந்து என்று பலமாகச் சாப்பிட்ட ராத்திரியில் வருவது வழக்கம். இதை 'கேஸ்' என்று சொல்லிச் சோடா குடித்துப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. வயசானவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் மேல்வயிற்று வலி வந்தால் முதலில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது உத்தமம். மாரடைப்பு நெஞ்சில்தான் வர வேண்டும் என்று சட்டமில்லை.

அடுத்ததுதான் நம் ஊருக்கு முக்கியமான கேள்வி. அது என்ன கல்?

பித்தப்பைக் கல்லில் பெரிய பிரிவு இரண்டு. கொழுப்புப் பொருளான கொலஸ்ட்ரால் திரண்டு உண்டாவது ஒன்று. வெளுத்த மஞ்சள் நிறம். ரத்தச் சிவப்பணு அழிவதில் வரும் பிலிருபின் என்ற நிறமி திரண்டு உண்டாவது இன்னொன்று. கன்னங்கரேலென்று மினுமினுக்கும், அல்லது களிமண்போலப் பழுப்பாக இருக்கும். உர்சோ மாத்திரை கரைப்பது முதல் வகையை மட்டும். ஈரலிலிருந்து பித்தத்துக்குள் கொலஸ்ட்ரால் இறங்குவதைக் குறைத்து, ஏற்கெனவே திரண்டிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி இழுத்துக்கொள்வது அதன் வேலை. நிறமிக் கல்லை அது தொடாது. சுண்ணாம்பு படிந்த கல்லையும் தொடாது.

இதில் ஒரு சங்கடம். கொலஸ்ட்ரால் கல் வட இந்தியாவில்தான் மிகுதி. தென்னிந்தியாவில், தமிழ்நாட்டில், நிறமிக் கல்லும் கலப்புக் கல்லும் கணிசம் என்று இங்கே ஆபரேஷனில் எடுத்த கற்களைச் சோதித்துப் பார்த்த மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டில்லியில் இருக்கிற மச்சினருக்குக் கரைந்தது என்பதை வைத்துக் கும்பகோணத்தில் இருக்கிறவர் நம்பிக்கை வைக்க முடியாது. தலசீமியா, அரிவாள் அணுச் சோகை போல ரத்த அணு சீக்கிரம் அழியும் நோய் உள்ள பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே கல் வந்தால் அது அநேகமாகக் கறுப்புக் கல். ஈரல் சுருங்கிய நோயாளிகளுக்கும் அப்படியே. அவர்களுக்கு இந்த மாத்திரையைக் கல் கரைக்க என்று கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

என்ன கல் என்று எப்படித் தெரியும்? சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கல் இருப்பதைப் பிரமாதமாகக் காட்டும், ஜாதியைச் சொல்லாது. வயிற்றை ஒரு எக்ஸ்ரே எடுத்தால் சுண்ணாம்பு உள்ள கல் வெள்ளையாகத் தெரியும். கொலஸ்ட்ரால் கல் தெரியாது. தெரியாவிட்டால் கொலஸ்ட்ரால்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, ஆனால் தெரிந்துவிட்டால் மாத்திரை வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாம். சி.டி. ஸ்கேன் இன்னும் நுட்பமாகச் சுண்ணாம்பைக் காட்டிக்கொடுக்கும். மாசக்கணக்கில் மாத்திரைக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கிறவர்கள், ஆரம்பத்தில் ஒரு எக்ஸ்ரேக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு இது விளங்கியதே இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். 'கல்' என்ற உடனே வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் கையோடு வரும். அவை சிறுநீரகக் கல்லுக்காக நம் வீடுகளில் புழங்குகிறவை. சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். பித்தப்பைக் கல் கொலஸ்ட்ராலும் பிலிருபினும். பொருளும் வேறு, இடமும் வேறு, போகிற வழியும் வேறு. சிறுநீரகக் கல் தானாக நகர்ந்து சிறுநீரோடு விழுந்துவிட்டால் அது அதிர்ஷ்டம். பித்தப்பைக் கல் நகர்ந்தால் அது ஆபத்து. பித்தநாளத்தில் போய்ச் சிக்கினால் மஞ்சள்காமாலை. கணையத்தின் வாசலை அடைத்தால் கணைய அழற்சி, அது உயிருக்கே உலை வைக்கும். ஆகவே பித்தப்பைக் கல்லை 'வெளியேற்றுகிறேன்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ராத்திரி குடித்தால் காலையில் பச்சைப் பச்சையாகக் கல் விழும் என்று கைப்பேசியில் ஒரு வைத்தியம் சுற்றுகிறது. விழுவது கல் அல்ல. குடித்த எண்ணெயே குடலில் சோப்புக் கட்டியாகத் திரண்டு வருகிறது. சோதனைச்சாலையில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பார்சல் பண்ணி வைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, கல்லும் கொலஸ்ட்ரால் வகை, வலியும் கல்லின் வலிதான் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அளவு. கற்கண்டுக் கட்டியை அப்படியே பாலில் போட்டால் கரைய எத்தனை நேரமாகிறது, நுணுக்கிப் போட்டால் எப்படிச் சட்டென்று கரைகிறது? அதே கணக்குத்தான், மருந்து கல்லின் மேற்பரப்பில்தான் வேலை செய்கிறது. 5 மில்லிமீட்டர் வரையிலான கற்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு முழுக்கக் கரைந்ததாக மருந்தோடு வரும் குறிப்பிலேயே இருக்கிறது. ஆளையும் கல்லையும் அதிகம் பொறுக்காமல், 20 மில்லிமீட்டருக்குட்பட்ட சுண்ணாம்பற்ற கல் உள்ளவர்கள் எல்லாருக்கும் கொடுத்தால் இரண்டு வருஷத்தில் கரைவது நூற்றுக்கு முப்பது பேருக்குத்தான். 20 மில்லிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு நம்பிக்கை ஏறக்குறைய இல்லை.

பித்தப்பையும் உயிரோடு வேலை செய்ய வேண்டும். அதன் வாய்க்குழாய் திறந்திருந்தால்தான் மருந்து கலந்த பித்தம் உள்ளே போய்க் கல்லை நனைக்கும். சுருங்கிப்போன பை, கல் நிரம்பி அடைத்துக்கொண்ட பை, இவற்றில் மாத்திரை வாசலோடு நின்றுவிடும். கொழுப்புள்ள ஆகாரம் கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து, பை சுருங்குகிறதா என்று பார்க்கும் முறை இருக்கிறது. மருத்துவர் அதைச் சொன்னால், காசு பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம்.

மாத்திரையின் அளவு உடம்பின் எடையைப் பொறுத்தது. கல்லுக்கு வழக்கமான கணக்கு, ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, ஆகாரத்தோடு. அறுபது கிலோ உள்ளவருக்கு 300 மில்லிகிராம் மாத்திரை இரண்டு ஏறக்குறையச் சரியாக வரும். எண்பது கிலோ உள்ளவருக்கு அது போதாது. ராத்திரிக்கு 300 ஒன்று மட்டும் போட்டுக்கொண்டு, 'ஒரு வருஷமா சாப்பிடறேன், கரையவே இல்லை' என்கிறவரிடம் அவர் எடையைக் கேட்டால் கதை புரிந்துவிடும். இதை நான் எழுதுவது நீங்களே கூட்டிக்கொள்வதற்காக அல்ல. சீட்டில் உள்ளதை எடையோடு ஒத்துப்பார்த்து, சந்தேகம் வந்தால் எழுதியவரிடமே கேட்பதற்காக. இதே மருந்தை ஈரலின் வேறு நோய்களுக்கு வேறு அளவில் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டு அதனாலும் உதவாது.

காலம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம். முதல் வருஷத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஒரு வருஷத்தில் கல் கொஞ்சமாவது சிறுக்கவில்லை என்றால் மேலே போவதில் அர்த்தம் குறைவு. இடையில் கல்லின் மேல் சுண்ணாம்பு படிந்துவிடுவதும் உண்டு, அப்போதும் நிறுத்த வேண்டியதுதான். ஆரம்பத்தில் ஈரல் பரிசோதனை ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒத்துப்பார்ப்பார்கள். ஆபரேஷனும் கூடாது, இரண்டு வருஷம் மாத்திரையும் கஷ்டம், ஸ்கேனுக்கும் நேரமில்லை என்கிறவர்கள் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்கிற கூட்டம். அவர்கள் தொடங்காமல் இருப்பதே சிக்கனம்.

கூடச் சாப்பிடுகிற மற்ற மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் மூச்சுவிடாதவர்கள் அதிகம். வயிற்று எரிச்சலுக்கு வாங்கிக் குடிக்கும் ஆன்டாசிட் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் அலுமினியம் ஹைட்ராக்சைடு இருக்கும். அது உர்சோவைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கல்லின் வலியைக் கேஸ் என்று நினைத்து ஆன்டாசிட்டையும், கல்லுக்கென்று உர்சோவையும் ஒரே வேளையில் விழுங்குகிறவர் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். கொலஸ்ட்ராலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் கொலஸ்டிரமின் பவுடரும் இப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளும், பழைய கொழுப்பு மருந்தான குளோஃபைப்ரேட்டும் பித்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறவை. உர்சோ செய்வதற்கு நேர் எதிர். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் ஏறும் அளவையும் இது மாற்றக்கூடும்.

பெண்களுக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டும். கல் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, பிள்ளை பெறுகிற வயசிலும் வருகிறது. கல் கரைக்கும் மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் அதற்கு வழக்கமான கருத்தடை மாத்திரை உதவாது, அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதே! ஹார்மோன் இல்லாத வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் கருத்தடை மாத்திரையை மாமியாருக்குத் தெரியாமல் சாப்பிடுவது போலவே மருத்துவருக்கும் தெரியாமல் சாப்பிடுகிறார்கள். கூட வந்த ஆண்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாவது இதைச் சொல்லிவிடுங்கள் அம்மா. தாய்ப்பால் கொடுக்கிறவர்களும் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் பித்தம் தேங்கி உடம்பெல்லாம் அரிக்கும் நோய்க்கு இதே மருந்தை மகப்பேறு மருத்துவர்களே கொடுப்பதும் உண்டு. அது வேறு கணக்கு, அவர்கள் கண்காணிப்பில் நடப்பது.

பக்கவிளைவு என்று பார்த்தால் கொஞ்சம் பேதி, குமட்டல், சிலருக்கு அரிப்பு. பெரிதாகப் பயப்பட ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டியது வேறு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கல் தன் வேலையைக் காட்டலாம். குளிரோடு காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போவது, மலம் வெளுப்பது, வலி சில மணி நேரத்துக்கு மேல் விடாமல் நிற்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. பெரியவர்களுக்குப் பித்தப்பை சீழ் பிடித்தாலும் காய்ச்சல் அவ்வளவாகத் தெரியாது. சோர்ந்து படுத்து, சாப்பாடு வேண்டாம் என்பார்கள், அவ்வளவுதான். மஞ்சள் என்றதும் கீழாநெல்லி அரைக்க ஓடுகிற வழக்கம் நமக்கு. அடைப்பினால் வந்த மஞ்சளில் அப்படிக் கழிகிற ஒவ்வொரு நாளும் விஷம். ஏற்கெனவே பித்தப்பை அழற்சி, பித்தநாள அடைப்பு, கல்லினால் வந்த கணைய அழற்சி உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை வைத்தியமே அல்ல.

ஆபரேஷன் பயத்தில்தான் பாதிப் பேர் மாத்திரையிடம் வருகிறார்கள். பையை எடுத்துவிட்டால் ஜீரணம் ஆகாது என்று ஒரு பேச்சு. பித்தத்தைச் சுரப்பது ஈரல், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல். பித்தப்பை அதில் ஒரு சிறு கிண்ணம் அளவைச் சேர்த்து வைக்கும் இடம். அது போனால் பித்தம் நேரே குடலுக்கு வரும்; சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும். 1882இல் பெர்லினில் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடியும் கல் செய்யும் என்பது அவருடைய கட்சி. மாத்திரைக்கும் அதே வாதம் பொருந்துகிறது: கரைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து வருஷத்துக்குள் கல் திரும்பி வருகிறது. 1990இல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா இந்தியாவில் முதலாவதாகச் சிறு துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார். இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அது அன்றாட வேலை.

அப்படியானால் மாத்திரை யாருக்கு? எதிர் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். இதயம் பலவீனம், மயக்க மருந்து தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் தெரியாத சிறு கற்கள், அவ்வப்போது வலி, பை வேலை செய்கிறது. அவருக்கு உர்சோ எழுதியது நியாயமான காரியம். உடல் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு மளமளவென்று இளைக்கிறவர்களுக்குக் கல் வராமல் தடுக்கவும் சில மாதம் கொடுக்கிறார்கள். அதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. பட்டினி கிடந்து வாரத்துக்கு இரண்டு கிலோ குறைக்கிறேன் என்கிற இளசுகளுக்கு நான் சொல்வது, அப்படி இளைத்தால் கல்தான் பிறக்கும், மெதுவாகக் குறையுங்கள்.

பாட்டியின் மகன் போன வாரம் ஸ்கேன் காகிதத்தோடு வந்தார். கல் எதுவும் தெரியவில்லை. "இனிமே மாத்திரை நிறுத்திடலாமா அண்ணே?" என்றார். ஒரு ஸ்கேனில் தெரியவில்லை என்றதும் நிறுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் மிச்சம் இருக்கும். மாத்திரையை விடாமல் தொடர்ந்து, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் இன்னொரு ஸ்கேன் எடுத்து, அதிலும் இல்லை என்றால் மருத்துவர் நிறுத்தச் சொல்வார். நிறுத்தின பிறகும் காகிதங்களைத் தேதி வாரியாக ஒரே உறையில் போட்டு வைக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வலி வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை அவை.